யூடிஎஸ்ஏ ஃபுட்பால்: முதல் நாளே 56,743 பேர், முதல் பௌல் வெற்றிக்கு மட்டும் ஏன் 12 வருஷம்?

#1 திண்ணை

தலைப்புல இருக்கிறதுதான் கேள்வி. 2011 செப்டம்பர் 3, சான் அன்டோனியோ ஆலமோடோம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட சான் அன்டோனியோ கிளை (யூடிஎஸ்ஏ) ஆடின முதல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். 56,743 பேர் வந்தாங்க. புதுசா ஆரம்பிக்கிற ஒரு காலேஜ் அணியோட முதல் மேட்சுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல. நார்த்ஈஸ்டர்ன் ஸ்டேட்டை 31-3னு அடிச்சாங்க. கோச் லாரி கோக்கர், 2001ல மயாமியை தேசிய சாம்பியன் ஆக்கின மனுஷன்.

ஃபுட்பால்னா உசிரை விடுற மாநிலம், பேர் வாங்கின கோச், கூரை போட்ட பெரிய அரங்கம். இவ்வளவும் இருந்தும் தரவரிசையில முதல் தடவை 25க்குள்ள வந்தது 2021 அக்டோபர்ல. முதல் பௌல் (சீசன் முடிவுல நல்லா ஆடின அணிகளைக் கூப்பிட்டு நடத்துற ஆட்டம்) வெற்றி 2023 டிசம்பர்ல, ஃப்ரிஸ்கோ பௌல்ல மார்ஷலை 35-17.

என் கட்சி: எல்லாம் ஜெஃப் ட்ரெய்லர்தான். 2019 டிசம்பர்ல வந்தார். 2020ல 7-5 (ஜெயிச்சது 7, தோத்தது 5), 2021ல 12-2, 2022ல 11-3. இல்லைங்கிறவங்க கணக்கோட வாங்க.

#2 ரெட்ஷர்ட் ராசு

கணக்கோடவே வர்றேன். ட்ரெய்லர் நல்ல கோச், அதுல சண்டை இல்ல. ஆனா இந்த அணி ஏறினது இறங்கினது ரெண்டையும் முக்கால்வாசி ஒரே விஷயத்தை வெச்சு விளக்கிடலாம்: பசங்களோட வயசு.

முதல் பேட்ச் கையெழுத்துப் போட்டது 2010 பிப்ரவரி. முதல் மேட்ச் 2011 செப்டம்பர். நடுவுல ஒரு முழு சீசன் வெறும் பயிற்சி. அப்ப இருந்த என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) விதிப்படி ஒரு பையனுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆட உரிமை. ஆடாம உடம்பை ஏத்திக்கிட்டு உட்கார்ற வருஷத்துக்குத்தான் ரெட்ஷர்ட்னு பேரு. சாதாரண அணியில ஒரு பேட்ச்ல பாதிப் பேர் உட்காருவான், மீதிப் பேர் உடனே ஆடுவான். அதனால வருஷா வருஷம் கொஞ்சம் பேர் வெளிய போவான், கொஞ்சம் பேர் உள்ள வருவான். இங்க மொத்த பேட்ச்சும் ஒரே வருஷம் உட்கார்ந்துச்சு. எல்லாரும் 2011ல ஃப்ரெஷ்மன் (முதல் வருஷ ஆட்டக்காரன்), எல்லாரும் 2014ல சீனியர் (கடைசி வருஷம்), 2015ல எல்லாரும் மூட்டை கட்டியாச்சு.

ரெக்கார்டைப் பாருங்க: 2011ல 4-6, 2012ல 8-4, 2013ல 7-5, 2014ல 4-8, 2015ல 3-9. ஒரே தடவைல நட்ட தோப்பு, ஒரே தடவைல வெட்டினா அடுத்த வருஷம் காய்க்க என்ன இருக்கும்?

இதுக்கு மேல 25 பேர் உச்சவரம்பு வேற. அப்ப ஒரு வருஷத்துக்குப் புதுசா ஸ்காலர்ஷிப்ல சேர்க்கக்கூடியது 25 பேர்தான். பெரிய பிரிவான எஃப்பிஎஸ்ல மொத்த இடம் 85. நாலு வருஷம் 25 சேர்த்தா நூறுன்னு காகிதத்துல தோணும். படிப்புல தவறினவன், முழங்கால் போனவன், ஊரு பிடிக்காம போனவன்னு கழிச்சா கைல நிக்கிறது 70, 75. அதாவது புது அணிக்கு 85ஐ ஒழுங்கா நிரப்பவே அஞ்சு வருஷம் ஆகும். எதிராளி முதல் நாள்ல இருந்தே 85 பேரோட வர்றான்.

#3 மொட்டைமாடி

ராசு, உங்க கணக்குப்படி 2014ல எல்லாரும் சீனியர், அப்ப அதுதான் உச்சமா இருந்திருக்கணும். 4-8 போனாங்க. தியரிக்கு அங்கேயே ஆப்பு.

#4 ரெட்ஷர்ட் ராசு

நல்ல கேள்வி. 2014ஐ எல்லாருமே உச்ச வருஷம்னுதான் எதிர்பார்த்தாங்க. சீசனைத் தொடங்கினதும் அப்படித்தான்: ஹூஸ்டன் புதுசா கட்டின ஸ்டேடியத்தைத் திறந்த அன்னிக்கே அங்க போய் 27-7. அடுத்த மேட்ச் அரிசோனாகிட்ட 26-23னு நூலிழையில போச்சு. அப்புறம்தான் சரிவு.

விட்ட இடம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர். பீவில் ஊர்க்காரர் எரிக் சோசா 2011ல இருந்து 2013 வரைக்கும் அணியை ஓட்டினார். அவர் ஆடுறதுக்கான கெடு 2013லயே முடிஞ்சிடுச்சு. முன்வரிசையில நின்னு மோதுற லைன்மேன்களோட கெடு 2014 வரை. ஒரே வண்டியில நாலு சக்கரம் புதுசு, ஸ்டீயரிங் இல்ல. 2014ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர்னு மூணு பேரை அந்த இடத்துல இறக்கினாங்க.

தியரியைத் திருத்திச் சொல்றேன்: சராசரி வயசு போதாது. ஆஃபென்ஸிவ் லைன் (தாக்கி ஆடுற பக்கத்தோட முன்வரிசை), குவார்ட்டர்பேக், டிஃபென்ஸோட (தடுக்கிற பக்கத்தோட) பின்வரிசை மூணும் ஒரே வருஷத்துல பழுக்கணும்.

#5 நாலாவது டவுன்

லைன்மேன் விஷயத்துல ராசு சொல்றது நூத்துக்கு நூறு. பள்ளிக்கூடத்துல இருந்து 260 பவுண்டுல வர்ற பையன் 300 பவுண்டு ஆகணும். வருஷத்துக்கு 15, 20 பவுண்டுக்கு மேல ஏத்தினா வெறும் கொழுப்புதான் ஏறும், கால் நகராது. ரெண்டரை, மூணு வருஷம் வேணும். பாஸைத் தடுக்கிற கார்னர்பேக், பாஸை ஓடிப் பிடிக்கிற ரிசீவர்னா 18 வயசுலயே இறக்கிடலாம், ஓட்டம் இருந்தா போதும். லைன்ல இறக்கினா 22 வயசுக்காரன் தூக்கி எறிவான்.

புது அணி எங்க அடிபடும்னு பார்க்க 2011ல ரெண்டாவது மேட்ச் போதும். 56,743 பேர் கைதட்டின ஒரு வாரத்துக்குள்ள, அதே அரங்கத்துல, மூணாம் பிரிவுல இருந்து வந்த மெக்மரிகிட்ட 24-21னு தோத்தாங்க. மெக்மரி கோச் ஹால் மம்மி. ஏர் ரெய்டுங்கிற பாஸ் ஆட்டத்தை உருவாக்கினவர். அந்த ஆட்டத்துக்குப் பெரிய உடம்பு தேவையில்ல. நாலு ரிசீவரை அகலமா நிறுத்தி, ரெண்டு பேர் குறுக்க வெட்டுவான். டிஃபென்ஸ்ல ஒருத்தன் "இவன் உன் ஆளு, அவன் என் ஆளு"ன்னு கைமாத்திவிடணும். அந்த கைமாத்தல் பேச்சுல வர்றது, பேசிப் பேசித்தான் பழகும். நிஜ மேட்ச்ல ஒரே ஒரு தடவை ஆடின பின்வரிசைக்கு அது வராது. அரை நொடி லேட்டானா 12 யார்டு காலி.

இதை அவமானமா எடுத்துக்கிட்டவங்க அதிகம். எனக்கென்னவோ அந்த சீசன்ல நேர்மையான மேட்ச் அதுதான். அணி எந்த இடத்துல இருக்குன்னு அதுதான் காட்டிச்சு.

#6 புதுவரவு

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். 2012ல 8-4, 2013ல 7-5. ஆறு வெற்றி இருந்தா பௌல் ஆடலாம்னு படிச்சேன். இவங்க ஏன் ஆடல?

#7 கணக்குப்பிள்ளை

இடைக்காலம் என்பதால்தான். சிறிய பிரிவான எஃப்சிஎஸ்ஸிலிருந்து எஃப்பிஎஸ்ஸுக்கு ஏறும் கல்லூரி இரண்டு வருடம் காத்திருப்பில் இருக்க வேண்டும். மற்ற அணிகளை வைத்து பௌல் இடங்கள் நிரம்பாவிட்டால்தான் இவர்களைக் கூப்பிடுவார்கள். யூடிஎஸ்ஏவுக்கு 2012, 2013 இரண்டும் அந்தக் கணக்கில் போய்விட்டன. ராசு சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: அணி நன்றாக ஆடிய இரண்டு வருடங்களில் பௌலுக்குப் போக வழியில்லை, வழி திறந்த 2014இல் குவார்ட்டர்பேக் இல்லை.

இன்னொன்று, 2012இன் 8-4ஐ அப்படியே முகமதிப்பில் எடுக்காதீர்கள். முதல் ஐந்தும் வெற்றி, ஆனால் எதிரணிகளில் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளும் இருந்தன. அந்த வருடம் அவர்களை வீழ்த்தியவை ரைஸ், சான் ஹோசே ஸ்டேட், யூட்டா ஸ்டேட், லூசியானா டெக். காலூன்றி நின்ற அணிகள்.

ஏணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் யாரும் அதைத் தொடவில்லை. எஃப்பிஎஸ்ஸுக்குள் நுழைய ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அழைக்க வேண்டும் என்பது விதி. யூடிஎஸ்ஏவை டபிள்யூஏசி என்ற கான்ஃபரன்ஸ் அழைத்தது 2010 நவம்பரில். ஒரு மேட்ச் கூட ஆடாத அணியை! காரணம், டபிள்யூஏசியிலிருந்து போய்ஸி ஸ்டேட் போன்ற பெரிய தலைகள் கிளம்பிக்கொண்டிருந்தன, அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 2012 மே மாதமே அடுத்த அழைப்பு கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவிடமிருந்து. டபிள்யூஏசியில் ஒரே சீசன்தான் ஆடினார்கள், அந்த சீசனோடு டபிள்யூஏசி ஃபுட்பாலையே மூடிவிட்டது. டெக்சஸ் ஸ்டேட்டும் அதே வருடம் அதே படியில் நின்றது, 2013இல் சன் பெல்ட்டுக்குப் போனது. 2021 அக்டோபரில் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அழைத்ததும், யூசிஎஃப், ஹூஸ்டன், சின்சினாட்டி மூன்றும் பிக் 12க்குக் கிளம்பியதால் ஏற்பட்ட காலியிடத்துக்குத்தான். ஒவ்வொரு படியும் மேலே இருந்தவன் எழுந்து போன நாற்காலி. திறமை வேண்டும்தான், ஆனால் நாற்காலி காலியாகும் நேரத்தில் வாசலில் நிற்பதும் வேண்டும்.

#8 திண்ணை

கணக்குப்பிள்ளை ஐயா, பணம் எங்க இருந்து வந்துச்சுன்னும் சொல்லிடுங்க. ஸ்டேடியம் கட்டவே இல்லையே.

#9 கணக்குப்பிள்ளை

முதல் பணம் மாணவர் கட்டணம். 2007இல் மாணவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். செமஸ்டருக்கு 120 டாலராக இருந்த விளையாட்டுக் கட்டணத்தைப் படிப்படியாக 240 வரை உயர்த்தலாமா என்பது கேள்வி, ஆம் என்று வந்தது. 2008 டிசம்பரில் நிர்வாகக் குழு அனுமதி, 2009இல் கோக்கர் நியமனம். இந்த வரிசை முக்கியம். கட்டணம், அனுமதி, கோச், அதன் பிறகுதான் பையன்கள். கோச்சை முதலில் அறிவித்துவிட்டுப் பணம் தேடப் போகும் கல்லூரிகள் இரண்டாம் வருடமே மூச்சுத் திணறும்.

ஸ்டேடியம்: ஆலமோடோம் நகராட்சியின் சொத்து, 1993இல் திறந்தது, ஃபுட்பாலுக்கு சுமார் 65,000 இருக்கை. என்எஃப்எல் (தொழில்முறை லீக்) அணி ஏதாவது வந்து குடியேறும் என்ற ஆசையில் கட்டினார்கள், நிரந்தரமாக எதுவும் வரவில்லை. கத்ரீனா புயலுக்குப் பிறகு 2005இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் மூன்று ஆட்டம் ஆடிவிட்டுப் போனது. ஆக, காலியாகக் கிடந்த கல்யாண மண்டபம். புதிய அணிக்குப் பெரிய வரம்: கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை, எஃப்பிஎஸ் அப்போது கேட்ட சராசரி 15,000 பார்வையாளர் நிபந்தனையும் சுலபம். முதல் வருடச் சராசரியே 35,000க்கு மேல்.

ஆனால் வாடகை வீட்டின் தொல்லை எல்லாம் உண்டு. பார்க்கிங், தின்பண்டக் கடை, விளம்பரப் பலகை வருமானத்தில் எதற்கும் நகராட்சியோடு பேரம் பேச வேண்டும். வளாகத்திலிருந்து அரங்கம் சுமார் 15 மைல். மாணவனை பஸ் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அணி தோற்கத் தொடங்கினால் முதலில் காணாமல் போவது அந்த பஸ்ஸில் வருபவன்தான். 65,000 இருக்கையில் 20,000 பேர் உட்கார்ந்தால் டிவியில் வெறிச்சோடித் தெரியும், சேர்க்கைக்கு வந்து பார்க்கும் பள்ளிப் பையன் கண்ணிலும் அதுதான் படும்.

#10 மொட்டைமாடி

85 ஆம்பளப் பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தா பெண்கள் பக்கமும் கொடுக்கணும்ல, டைட்டில் 9 சட்டப்படி? அந்தச் செலவை யாரும் சொல்றதில்ல.

#11 கணக்குப்பிள்ளை

சரியான குறுக்கு விசாரணை. ஃபுட்பால் அறிவிக்கும் முன்பே 2006இல் பெண்களுக்கான சாக்கரும் கோல்ஃபும் சேர்த்தார்கள். எஃப்பிஎஸ்ஸில் இருக்கக் குறைந்தது 16 விளையாட்டு வேண்டும் என்ற நிபந்தனைக்கும் அது உதவும். ஃபுட்பாலின் விலையைக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: ஹெல்மெட்டின் விலையை விடுங்கள், கூடவே சேர்க்க வேண்டிய பெண்கள் அணிகளின் பத்து வருடச் செலவை முதலில் போடுங்கள்.

#12 நாலாவது டவுன்

ஹெல்மெட்டையும் விட முடியாது ஐயா. புது அணிக்கு பீரோவே காலி. நூத்துச் சொச்சம் பேருக்கு ஹெல்மெட், ஷோல்டர் பேட் எல்லாம் ஒரே ஆர்டர்ல வாங்குவாங்க, அதனால எல்லாமே ஒரே வருஷம் பழசாகும். ராசுவோட வயசுப் பிரச்சினை பீரோவுக்குள்ளயும் உண்டு! சீசன் முடிஞ்சதும் மொத்தத்தையும் சான்று பெற்ற இடத்துக்கு அனுப்பி, ஓட்டைப் பரிசோதிச்சு, உள்பஞ்சு மாத்தி வாங்கணும். விவரம் தெரிஞ்ச உபகரண மேனேஜர் முதல் வருஷத்துல இருந்தே வருஷத்துக்குக் கொஞ்சமா புதுசு வாங்கி அடுக்குவார்.

பொருத்துறதுலயும் புது அணியில தப்பு நடக்கும். ஆகஸ்ட் பயிற்சிக்கு முன்னாடி உலர்ந்த தலையில அளவெடுத்துக் காத்தடிச்சு வெச்சுடுவாங்க. வேர்வைல முடி படிஞ்சதும் ஹெல்மெட் லூஸாகி முன்னால சரியும். முடியை நனைச்சுத்தான் பொருத்தணும். முன் விளிம்பு புருவத்துக்கு மேல ஒரு அங்குலம் நிக்கணும். முகக் கம்பியைப் பிடிச்சு இடவலமா ஆட்டினா நெத்தித் தோலும் கூடவே நகரணும். தோல் நிக்குது, ஹெல்மெட் மட்டும் சுத்துதுன்னா அடுத்த சைஸ் சின்னது எடுக்கணும்.

#13 திண்ணை

பீரோவை மூடிட்டு என் கட்சிக்கு வாங்க. 2016ல இருந்து 2019 வரைக்கும் ஃப்ராங்க் வில்சன் கோச்சா இருந்தாரே. வயசுதான் எல்லாம்னா அவருக்கு ஏன் அமையல?

#14 ரெட்ஷர்ட் ராசு

அமைஞ்சதே. முதல் வருஷமே 6-7, அணியோட முதல் பௌல். நியூ மெக்சிகோ பௌல்ல 23-20னு தோல்வி. 2017ல வேக்கோ போய் பெய்லரை 17-10னு ஜெயிச்சாங்க. அந்த வருஷம் 6-5, தகுதி இருந்தும் பௌலுக்கு யாரும் கூப்பிடல. கான்ஃபரன்ஸ்ல தகுதியான அணி அதிகம், இடம் கம்மி. வெளிய நின்ன மூணு அணியில இவங்க ஒண்ணு. அப்புறம் 3-9, 4-8.

வில்சன் எல்எஸ்யூல (லூசியானா ஸ்டேட்) ஆள் பிடிக்கிறதுல பேர் எடுத்தவர். இங்கயும் நல்ல ஆளாத்தான் பிடிச்சார். அவரால முடியாதது ஆஃபென்ஸ். இப்ப 2021ல கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆன அணியோட முதுகெலும்பைப் பாருங்க. குவார்ட்டர்பேக் ஃப்ராங்க் ஹாரிஸ், 2017ல சேர்ந்தவர். பந்தோட ஓடுற ரன்னிங் பேக் சின்சியர் மெக்கார்மிக், 2019. லைன்ல ஸ்பென்சர் பர்ஃபோர்ட், கார்னர்பேக் தாரிக் வூலன், ரெண்டு பேருமே வில்சன் காலத்துல வந்தவங்க. விதைச்சவர் வில்சன், அறுத்தவர் ட்ரெய்லர். நடுவுல 2020 கோவிட் வருஷத்தைக் கணக்குல சேர்க்காம எல்லாருக்கும் ஒரு சீசன் இலவசமா கொடுத்தாங்க. 2014க்கு அப்புறம் கலைஞ்சு போன வயசு அடுக்கு 2021ல தானா திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை குவார்ட்டர்பேக்கும் கூடவே இருந்தார்.

#15 நாலாவது டவுன்

ராசு, இங்க உங்களோட முட்டுவேன். அறுவடைன்னு சொல்லிட்டா ட்ரெய்லர் செஞ்ச வேலை மறைஞ்சிடும். கில்மர் பள்ளிக்கூடத்துல 15 சீசன், 2004, 2009, 2014னு மூணு மாநில சாம்பியன் பட்டம். டெக்சஸ்ல பள்ளி கோச்சுங்க ஒரு தனி சாதி மாதிரி. தங்களவன் ஒருத்தன் காலேஜ்ல உட்கார்ந்தா போனை எடுப்பாங்க. சான் அன்டோனியோவைச் சுத்தி கன்வர்ஸ்ல ஜட்சன், சிபோலோல ஸ்டீல், ஷெர்ட்ஸ்ல க்ளெமென்ஸ்னு பெரிய பள்ளிங்க. ஹாரிஸ் க்ளெமென்ஸ் பையன், மெக்கார்மிக் ஜட்சன் பையன். வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல வந்துடலாம்.

ஆட்டத்தையும் மாத்தினார். 2020, 2021 ரெண்டு வருஷமும் மெக்கார்மிக் 1,400 யார்டுக்கு மேல ஓடினார். ஓட்டத்தை நம்பி எதிராளி முன்னாடி ஆளை ஏத்தினா, ஹாரிஸ் பந்தைக் கொடுக்கிற மாதிரி காட்டி இழுத்து எறிவார். முழங்கால் காயங்களைத் தாண்டி வந்த குவார்ட்டர்பேக்குக்கு இதுதான் காப்பீடு. நின்னு அடி வாங்க வேண்டாம், பாதி வேலையை அந்தப் பொய்யே செஞ்சிடும்.

2021 நவம்பர் 20, யூஏபி மேட்ச். அதுவரை 10-0. கடைசி நிமிஷத்துல 31-27னு பின்தங்கி, எதிராளி 1 யார்டு கோட்டுல நிக்கிறாங்க. ஹாரிஸ் எறிஞ்ச பந்து ஒரு கையில பட்டுத் தெறிக்குது. கீழ விழ வேண்டியது டைட் எண்ட் ஆஸ்கர் கார்டெனாஸ் கையில போய் உட்காருது. கடிகாரத்துல 3 நொடி. 34-31. அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஸ்லோமோஷன்ல கார்டெனாஸைப் பாருங்க: பந்து தன்கிட்ட வரலைன்னு தெரிஞ்சும் நிக்கல, பந்தைப் பார்த்துத் திரும்பிட்டார். பழகாத பையன் அங்க நின்னு வேடிக்கை பார்ப்பான்.

#16 மொட்டைமாடி

அடுத்த வாரமே மழையில நார்த் டெக்சஸ் 45-23னு போட்டுச் சாத்தினதையும் சேர்த்துச் சொல்லுங்க. :)

#17 நாலாவது டவுன்

சொல்றேன். அதுக்கும் அடுத்த வாரம் கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல வெஸ்டர்ன் கென்டக்கிகிட்ட 42-13னு முன்னால இருந்துட்டு, கடைசியில 49-41னு தலை தப்பினதையும் சொல்றேன். முன்னிலை வந்ததும் டிஃபென்ஸ் பின்னாடி தள்ளி நின்னு சின்னச் சின்ன பாஸை விட்டுக் கொடுத்துச்சு. கடிகாரம் ஓடும்னு நினைச்சாங்க. எதிர்ல பேய்லி ஜாப்பி, அந்த வருஷம் நாட்டுலயே அதிகமா பாஸ் எறிஞ்சவர். அவருக்குச் சின்ன பாஸை விட்டா அது பெரிய பாஸைக் கொடுத்த மாதிரிதான்.

#18 புதுவரவு

வூலன் பேர் வந்துச்சே, சியாட்டில்ல ஆடினவர்தானே? இந்த மாதிரி சின்ன அணியில இருந்து என்எஃப்எல் எப்படிப் போறாங்க?

#19 ரெட்ஷர்ட் ராசு

அவரேதான். 2022 டிராஃப்ட்ல (என்எஃப்எல் அணிங்க காலேஜ் பசங்களை வரிசையா தேர்ந்தெடுக்கிறது) அஞ்சாவது ரவுண்டு. ரிசீவரா வந்தவரை கார்னர்பேக்கா மாத்தினாங்க. ஆறடி நாலு அங்குல உயரம், 40 யார்டை 4.26 நொடியில ஓடினவர். முதல் வருஷமே 6 இன்டர்செப்ஷன் (எதிராளி பாஸைப் பறிக்கிறது). அதுக்கு முன்னாடி மார்கஸ் டேவன்போர்ட், சான் அன்டோனியோ ஸ்டீவன்ஸ் பள்ளிப் பையன். வந்தப்ப சுமார் 200 பவுண்டு, பெரிய காலேஜ் எதுவும் சீண்டல. 2018ல 264 பவுண்டுல முதல் ரவுண்டு, 14ஆவது இடம். செயின்ட்ஸ் அடுத்த வருஷ முதல் ரவுண்டையும் சேர்த்துக் கொடுத்து அவரை எடுத்தாங்க.

புது அணிக்கு இதுதான் சந்தை: நீளமான எலும்பு, வேகமான கால், இன்னும் சதை பிடிக்காத உடம்பு. பழுத்ததைப் பெரிய அணிங்க வாங்கிடும். காயை வாங்கிப் பழுக்க வைக்கணும். அதுக்கு நேரமும் எடைப் பயிற்சிக் கூடமும் வேணும். யூடிஎஸ்ஏல சொந்தமா, ரெண்டு முழு மைதானத்தோட, சுமார் 95,000 சதுர அடியில பயிற்சி மையம் திறந்ததே 2021ல. பத்து வருஷம் அது இல்லாமதான் ஓட்டினாங்க.

#20 கணக்குப்பிள்ளை

அந்த வருடமே ட்ரெய்லருக்கு 10 வருட ஒப்பந்தம், 28 மில்லியன் டாலர். பெரிய கல்லூரி யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். வளரும் அணிக்கு இது இன்னொரு பொறி: கோச் போனால் அவர் சேர்த்த மூன்று பேட்ச்சும் கலங்கும். திண்ணை சொன்ன "கோச்தான் காரணம்" என்பது இந்த அளவுக்குச் சரி. பட்டம் வாங்கித் தந்தது மட்டுமல்ல, அவர் போகாமல் இருந்ததும் ஒரு காரணம்.

#21 திண்ணை

ஆக பாதி என் கட்சி. சரி, 2023ல இருந்து என்ன ஆச்சு? 9-4, அப்புறம் 7-6னு இறங்கிட்டாங்களே.

#22 ரெட்ஷர்ட் ராசு

2023ல அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு வந்த முதல் வருஷமே ஃபைனல் வாசல் வரைக்கும் போய் டுலேன்கிட்ட 29-16னு தோத்தாங்க. அதோட ஹாரிஸ் முடிஞ்சார். ரெட்ஷர்ட், காயம், கோவிட் எல்லாம் சேர்ந்து ஏழு வருஷம் அணியில இருந்த ஆளு.

2024தான் பாடம். ரெகுலர் சீசன்ல சொந்த ஊர்ல 6-0, வெளியூர்ல 0-6! மெம்ஃபிஸை வீட்டுல 44-36னு அடிச்ச அதே அணி, டல்சாவுல பாதி ஆட்டத்துக்கு 35-7னு முன்னால இருந்து 46-45னு தோத்துச்சு.

#23 நாலாவது டவுன்

அது மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. பாதிக் காரணம் சத்தம். வெளியூர்ல கூட்டம் கத்தும்போது குரல்ல எண்ணிப் பந்தைக் கிளப்ப முடியாது. லைன்ல நிக்கிற கார்டு பின்னால திரும்பி குவார்ட்டர்பேக் காலைப் பார்த்து, பந்தைக் கிளப்புற சென்டரைத் தட்டணும். மொத்த லைனும் அந்தத் தட்டலுக்கு அப்புறம் ஒரே தாளத்துல கிளம்பணும். லைன் ஓரத்துல நிக்கிற இளம் டாக்கிள் எதிர்ல நிக்கிறவனைப் பார்ப்பான், பந்தைப் பார்க்க மாட்டான். கால் நொடி லேட்டு. முன்னாடியே கிளம்பினா 5 யார்டு அபராதம், லேட்டா கிளம்பினா குவார்ட்டர்பேக் தரையில. வீட்டுல அரங்கம் அமைதியா இருக்கும், இந்தக் குறை வெளிய தெரியாது.

வெளியூர்ல அந்த வருஷத்து முதல் வெற்றி மிர்ட்டில் பீச் பௌல்ல. கோஸ்டல் கரோலைனாவோட சொந்த மைதானத்துல 44-15. ஆனா எதிராளியில பல பேர் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேற காலேஜுக்கு மாறப் பேர் கொடுக்கிற பட்டியல்) வழியா கிளம்பியிருந்தாங்க, ரொம்பக் கொண்டாட வேண்டாம்.

#24 புதுவரவு

இப்ப ஒரு காலேஜ் புதுசா ஆரம்பிச்சா இதே வழியில வர முடியுமா?

#25 கணக்குப்பிள்ளை

வாசல் கட்டணம் மாறிவிட்டது. எஃப்சிஎஸ்ஸிலிருந்து எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற விண்ணப்பக் கட்டணம் முன்பு 5,000 டாலர். 2023இல் அதை 5 மில்லியன் ஆக்கினார்கள். பூஜ்யத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்காலர்ஷிப்புக்குக் குறைந்தபட்சச் செலவு நிபந்தனையும் ஏறியிருக்கிறது. ஆலமோடோம் போல ஒரு காலி மண்டபமும் எல்லா ஊரிலும் கிடைக்காது.

#26 ரெட்ஷர்ட் ராசு

ஆள் சேர்க்கிற பக்கம் நேர் எதிர். 25 பேர் உச்சவரம்பு போயிடுச்சு. போர்ட்டல் இருக்கு. 2025 ஜூன்ல, ஆட்டக்காரங்களுக்குப் பணம் கொடுக்கிறது பத்தின ஹவுஸ் வழக்குல தீர்ப்பாயம் ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்டதும், அதுல சேர்ந்த காலேஜ்களுக்கு 85 ஸ்காலர்ஷிப் கணக்கு போய், மொத்தம் 105 பேர்ங்கிற எல்லை வந்திருக்கு. 2010ல கோக்கர் அஞ்சு வருஷம் காத்திருந்து கட்டின வயசு அடுக்கை இப்ப காசு இருந்தா ஒரே கோடையில வாங்கிடலாம். 22 வயசு லைன்மேன் அஞ்சு பேர், ரெண்டு வருஷம் ஆடின குவார்ட்டர்பேக் ஒருத்தர்.

வாங்கினது ஒரு வருஷத்துக்குத்தான் நிக்கும்ங்கிறது வேற விஷயம். அடுத்த கோடையில மறுபடியும் சந்தைக்குப் போகணும். டேவன்போர்ட் மாதிரி 200 பவுண்டு பையனை எடுத்து நாலு வருஷம் சோறு போட்டு வளர்த்தா, மூணாவது வருஷம் பெரிய காலேஜ் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடும்.

#27 மொட்டைமாடி

ராசு, ஒரு திருத்தம். தீர்ப்பாயம் இல்ல, ஃபெடரல் நீதிமன்றம். நீதிபதி சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது 2025 ஜூன் 6.

அப்புறம் 2017ல 6-5ங்கிறது 11 மேட்ச்தான், ஒண்ணு குறையுதேன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்: ஹூஸ்டனோட முதல் மேட்ச் ஹார்வி புயலால ரத்து.

#28 ரெட்ஷர்ட் ராசு

ஆமா, நீதிமன்றம்தான். நன்றி. ரத்தான அந்த மேட்சை ஆடி ஜெயிச்சிருந்தா 7-5 ஆகியிருக்கும், பௌலுக்கும் யாராவது கூப்பிட்டிருப்பாங்க.

#29 மொட்டைமாடி

தோத்திருந்தா 6-6.